லாரியண்ணனுக்கு ஒரு அறை

நன்றாக ஜெபம் பண்ணத் தெரிந்தவர்களை நம்பவே கூடாது என்று அவள் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. நினைத்தது கட்டிய கணவரைப் பற்றி என்பதால் வெளியே சொல்லிக்கொள்ளத்தான் முடியவில்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். பேச்சில் மகா கஞ்சர். நாள் முழுக்கச் சேர்த்தாலும் இருபது வார்த்தை தேறாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே" என்று ஆரம்பித்துவிட்டால் மடை திறந்த மாதிரிதான். எங்கிருந்து வருமோ, எப்போது நிற்குமோ, யாருக்கும் தெரியாது. சபையில் அவருக்கு 'நீட்டு ஜெபம்' என்றே பெயர். அவர் ஜெபிக்க எழுந்தால் முழங்கால் வலிக்காரர்கள் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்வார்கள்.

சபை என்றால் பெரிய கோயிலெல்லாம் இல்லை. டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, அதில் இருபத்திரண்டு பேர். போதகர் வாரநாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் எதற்காக ஜெபித்தாலும், ஆமென் சொன்ன கையோடு, "சரி, இதுக்கு யாரு?" என்று கேட்பார். வேலை போனவனுக்காக ஜெபித்தால், நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு நாலு இடம் ஏறி இறங்கப்போவது யார்? காய்ச்சலில் கிடப்பவளுக்காக ஜெபித்தால், அவள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவப்போவது யார்? பெரும்பாலும் ஜெபித்தவரே மாட்டிக்கொள்வார். அதனால் அங்கே எல்லோரும் அளந்துதான் ஜெபிப்பார்கள். மழைக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் ஜெபிப்பதற்கு மட்டும் எப்போதும் போட்டி இருக்கும்.

அந்தப் புதன்கிழமை லாரியண்ணனுக்காக ஜெபித்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு வருஷமாகக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஒரு பாட்டையும் சுருதியோடு பாடாமல், எல்லாப் பாட்டையும் பாடிவிட்டுப் போவார். வயிற்றில் புற்றுநோய். விலாவுக்குக் கீழே துளை போட்டு, கழிவு வெளியேற ஒரு பை ஒட்டிவிட்டிருந்தார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, மூன்று வாரம் தாங்கலாம், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூட்டிப்போக வீடுதான் இல்லை. அவர் குடியிருந்தது நாலாவது மாடியில் பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் இடம், அவ்வளவுதான்.

லிப்ட்காரர் எழுந்தார். மடை திறந்தது. "ஆண்டவரே, எங்க அண்ணனுக்கு ஒரு வாசலைத் திறந்து கொடும். படி ஏற வேண்டாத ஒரு வீட்டைக் காட்டும். வெளிச்சம் வர்ற மாதிரி ஜன்னல் வச்ச ஒரு அறையைக் காட்டும். குளியலறை பக்கத்துலயே இருக்கணும் ஆண்டவரே, அவரால ரொம்ப தூரம் நடக்க முடியாது..."

பாவம், மனிதர் மனதார உருகித்தான் ஜெபித்தார். ஆனால் அந்த இருபத்திரண்டு பேரில் தரைத்தளத்தில் குடியிருந்தது அவர்கள் ஒரே குடும்பம்தான். ஜன்னல் வைத்த பின்னறை, அதற்கடுத்தே குளியலறை, எல்லாமே அவர்கள் வீட்டில்தான். ஒவ்வொரு அடையாளமாக அவர் சொல்லச் சொல்ல, கண்ணை மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவளும் பார்த்தாள். வாயைப் பொத்தலாம் என்றால் புருஷன் எட்டாத தூரத்தில் நின்றார்.

"ஆமென். சரி, இதுக்கு யாரு?" என்றார் போதகர்.

லிப்ட்காரர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். திறந்ததும் புரிந்துவிட்டது. திருதிருவென்று மனைவியைப் பார்த்தார்.

"நாங்கதான்" என்றாள் அவள்.

ஏன் சொன்னாள் என்று கேட்டால், பாதி விசுவாசம், பாதி வெட்கம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது, அந்நியனை ஏற்றுக்கொள்ள வேண்டும், நோயாளியை விசாரிக்க வேண்டும் என்பது. அதை அவள் உண்மையாகவே நம்பினாள். நம்பாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் பார்த்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். மூன்று வாரம்தானே என்றும் ஒரு கணக்கு உள்ளே ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பின்னறை பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் ரோலர் மிஷினில் வேலை பார்த்தாள். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க, உதறி, இழுத்து, சூட்டு உருளைக்குள் விடவேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. காலை ஆறு முதல் மாலை மூன்று வரை நின்ற கால் நின்றபடி. வீட்டுக்கு வந்தால் அவளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பின்னறையில் ஒரு பழைய சாய்வு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டு, வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஜெபிக்கக்கூட மாட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் பெற்று வளர்த்தது. சொல்லப்போனால் அவளுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

சாய்வு நாற்காலி சமையலறை மூலைக்குப் போனது. அறையில் கட்டில் வந்தது. கட்டிலில் லாரியண்ணன் வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் மூன்று வாரமும் அவள் ராணி மாதிரிச் செய்தாள். பையை எப்படிக் கழற்றுவது, தோலை எப்படித் துடைப்பது, புதுப் பையை எப்படிச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது எல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருமுறை காட்டினாள். இவளுக்கு ஒரே முறையில் கை வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் சுருக்கம் எடுத்த கை அல்லவா. லிப்ட்காரர் ஒருமுறை முயன்றார். பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அதன்பிறகு அவர் பங்கு, சாயங்காலம் வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும். இரண்டும் நாற்றமில்லாத வேலை.

லாரியண்ணன் ஒன்றும் சாது இல்லை. டீ சூடு போதாது என்பார். தலையணை ஒருபக்கம் அழுத்துகிறது என்பார். ரேடியோவைக் காலையில் போட்டால் ராத்திரி வரைக்கும் அணைக்க மாட்டார். பிரேக் பிடிக்காத லாரியைப் பாலத்தில் நிறுத்திய கதையை ஏழு தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் பாலம் கொஞ்சம் நீண்டுகொண்டே போகும். பையை மாற்றும்போது மட்டும் பேசமாட்டார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிந்ததும், "தங்கச்சி, உனக்கு இதெல்லாம் எழுதி வச்சிருக்கு பாரேன்" என்பார்.

"எனக்குன்னு எழுதல. எங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

மூன்று வாரம் போனது. லாரியண்ணன் போகவில்லை. ஐந்து வாரம் ஆனது. எட்டு வாரம் ஆனது. சூப்பும் ரொட்டியும் உள்ளே போகப் போக முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. உன் கைராசி என்று சபையில் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஆரம்பத்தில் முறை வைத்து வந்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருத்திக்கு முதுகு வலி, ஒருவருக்கு ஷிப்ட் மாற்றம், இன்னொருத்திக்கு அந்த வாசனை தலையைச் சுற்றுகிறது. அவளுக்கும் சுற்றத்தான் செய்தது. சலவைக்கூடத்தில் வெள்ளை வெளேரென்ற துணிக்கு நடுவே நிற்கும்போதுகூட மூக்குக்குள் அந்த வாசனை இருந்தது. ராத்திரி இரண்டு முறை, மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருந்தது. அறுநூறு விரிப்பில் ஐந்தாறு கோணலாகப் போய் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். முப்பத்தொரு வருஷத்தில் வாங்காத பேச்சு.

பதினோராம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, தூக்கக் கலக்கத்தில் முழங்கை உருளையில் பட்டுவிட்டது. தோல் வழன்றுபோனது. மருந்து தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பை பிய்ந்துபோய்க் கட்டில் முழுக்கக் கழிவு. காலையில்தான் விரிப்பு மாற்றியிருந்தாள். லாரியண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் ஒரு கையாலேயே அவரைத் துடைத்து, விரிப்பை உருவி, அலசி, புதுப் பை ஒட்டி, சட்டை மாற்றி, ரேடியோவைப் போட்டுவிட்டு வந்தாள். அதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

லிப்ட்காரர் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். எங்க அண்ணனுக்கு ஊழியம் செய்யிற பாக்கியத்தை எங்களுக்குக் குடுத்தீரே..."

"நிறுத்துங்க" என்றாள்.

அவர் நிறுத்தினார். ஜெபத்தின் நடுவில் அவரை யாரும் நிறுத்தியதில்லை.

"பாக்கியமா? யாருக்குங்க பாக்கியம்? நீங்க கண்ண மூடிக்கிறீங்க, நான் மூக்க மூடிக்கக்கூட முடியல. மூணு வாரம்னு சொல்லித்தானே அனுப்புனாங்க? பதினொண்ணு ஆச்சு. இந்த மனுஷன் எப்பதான் போவாரு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் ரூம்ல கதவச் சாத்திட்டு நான் உக்காரணும். அவ்வளவுதான் கேக்கிறேன். அதுக்கு அந்த ஆள் செத்தாத்தான் ஆகும்னா சாகட்டுமே."

சொல்லி முடித்தபிறகுதான் வீடு அவ்வளவு அமைதியாக இருப்பது அவள் காதில் விழுந்தது. சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப்பக்கம் ரேடியோ நின்றிருந்தது.

லிப்ட்காரர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

அன்று ராத்திரி ஒரு முறைகூட லாரியண்ணன் கூப்பிடவில்லை. காலையில் டீ கொண்டுபோனாள். லாரியண்ணன் தலையைச் சீவி, சட்டைப் பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில ஒரு வார்டு இருக்காமே, கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு? வலி தாங்கலைன்னா வந்துடுங்கன்னு டாக்டரம்மா போன தடவையே சொல்லிச்சு. நான் அங்க போயிடலாம்னு பாக்கிறேன்."

"வலி ஜாஸ்தியா இருக்காண்ணே?"

"ரொம்ப. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. இங்க மாத்திரைதான். அங்கன்னா ஊசி போடுவாங்க."

அவர் வலி அவளுக்குத் தெரியாதா? பதினோரு வாரம் பார்த்திருக்கிறாள். வலி வந்தால் கீழுதட்டைக் கடிப்பார், கால் விரல்கள் மடங்கும், நெற்றியில் வியர்வை கட்டும். இப்போது உதடு சும்மா இருந்தது. கால் சும்மா இருந்தது. நெற்றி காய்ந்திருந்தது. கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பாமல் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ சூடாக இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தை போதும். "போகாதீங்கண்ணே, அது நான் கோபத்துல சொன்னது" என்றால் முடிந்தது. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. சத்தியமாக வந்தது. கூடவே சாய்வு நாற்காலியும் வந்தது, வெந்நீரும் வந்தது, ராத்திரி முழுக்க எழுந்திருக்காத ஒரு தூக்கமும் வந்தது.

லிப்ட்காரர் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, எங்கயும் போகவேணாம். நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அவள் திரும்பி, எவ்வளவோ அன்பான குரலில், "அவருக்கு வலிங்க. நம்ம ஆசைக்காக அவரப் பிடிச்சு வைக்கலாமா? அங்க போனா அவருக்கு நிம்மதி" என்றாள்.

அவள் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே அதுதான் பெரியது. அதிலும் கொடுமை, அதைக் கேட்டவர் எவருக்கும் அது பொய்யென்று தெரியாமல் இல்லை. லாரியண்ணன் மட்டும் தலையாட்டினார். "தங்கச்சி சரியாத்தான் சொல்லுது" என்றார்.

அவருடைய நாலு சட்டையையும் அவள் இஸ்திரி போட்டாள். சாகப்போகிற மனிதருக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்க அங்கே யாரும் இல்லை. காலருக்கும் கைப்பட்டிக்கும் இரண்டு இரண்டு தடவை போட்டாள். போதகர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு வந்தார். ஏறும்போது லாரியண்ணன் ஓட்டுநர் இருக்கையை ஒரு பார்வை பார்த்து, "கிளட்ச்ச ரொம்ப மிதிக்கிறீங்க ஐயா, வர்றப்பவே சத்தம் கேட்டுது" என்றார். பிறகு அவளிடம், "கைய ஈரம் படாம வச்சுக்கோ" என்றார். முழங்கைக் காயத்தை அவர் எப்போது பார்த்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அறையைக் கழுவிவிட்டு, சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தினாள். வெந்நீரில் கால் வைத்தாள். சுகமாகத்தான் இருந்தது. சுகமாக இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அன்று ராத்திரி அடித்துப் போட்டமாதிரித் தூங்கினாள். மறுநாள் கூடுதல் வேலை இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று அன்றும் தூங்கினாள். லிப்ட்காரர் இரண்டு நாளும் போவதாகக் கிளம்பி, நீயும் வந்தால் போகலாம் என்று நின்றுவிட்டார். தனியாகப் போய் அந்த முகத்தைப் பார்க்க அவருக்கும் தைரியமில்லை.

மூன்றாம் நாள் மாலை, சூப் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவள் மட்டும் போனாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க, கிளம்புங்க, வீட்டுக்குப் போகலாம். வேன் வரச்சொல்லிக்கூடப் போதகரிடம் பேசியிருந்தாள்.

வார்டில் போதகர் சொல்லியிருந்த ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு புதிதாக இழுத்துக் கட்டியிருந்தது.

மருந்துத் தட்டோடு போன நர்ஸை நிறுத்திக் கேட்டாள். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள்.

"லாரி ஓட்டுனவரா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி" என்றாள்.

"நீங்கதானா அது" என்றாள் நர்ஸ். "நேத்து விடியக்காலைம்மா. கொஞ்சம் மோசமானப்பவே கேட்டேன், யாருக்காவது போன் பண்ணணுமா, நம்பர் குடுங்கன்னு. குடுக்கமாட்டேன்னுட்டாரு. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, பதினோரு வாரமா எனக்காகத் தூங்காம கெடந்தா, இப்பத்தான் தூங்குவா, எழுப்பாதீங்கன்னு சொன்னாரு. நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நான் ஒருத்திதான் டியூட்டிம்மா. அந்த நேரம் பார்த்து அந்தக் கடைசிக் கட்டில்ல ஒரு அவசரம். திரும்பி வந்து பாக்கிறப்ப முடிஞ்சிருந்துச்சு."

பிளாஸ்க் கையில் சூடாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துக் கட்டில்காரரின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அடக்கம். இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒன்றைத்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள். போதகர் நாலு வார்த்தை பேசினார். வீடில்லாத மனிதருக்கு ஆண்டவர் ஒரு வீட்டைக் கொடுத்தார், நம் அக்கா கடைசிவரை ஒரு தாயைப்போலப் பார்த்துக்கொண்டார், இதைவிட விசுவாசத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

பேசாமல் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அந்த நல்ல பெயர் ஆயுசுக்கும் அவளோடு இருந்திருக்கும்.

"கடைசிவரைக்கும் இல்லீங்கய்யா" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவருக்கு வலி இல்ல. நான் பேசினது அவர் காதுல விழுந்துடுச்சு. எப்ப சாவாருன்னு கேட்டேன். அதான் அவரே போறேன்னு சொன்னாரு. பொய் சொல்றாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பிட்டேன். எனக்கு வசதியா இருக்கணும்னுதான் அனுப்பினேன். அவர் தனியா செத்தாரு."

மண்வெட்டிக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டு நின்றார். லிப்ட்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணை மூடவில்லை.

ஒருவராவது கோபப்பட்டிருக்கலாம். இப்படிச் செய்யலாமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் எல்லோரும் நல்லவர்கள். அதற்குள் நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா, நீங்க செஞ்சதுல பத்துல ஒரு பங்கு நாங்க செஞ்சிருப்போமா" என்றாள் ஒருத்தி. "துக்கத்துல பேசுறாங்க, விடுங்க" என்றாள் இன்னொருத்தி. முதுகு வலி என்று வராமல் நின்றவள் வந்து அவளை அணைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ரொம்ப அலுத்துப்போயிட்டீங்க. இன்னிக்கு எதையும் நெனைக்காம வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்கக்கா" என்றாள்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தூக்கிவிட வந்த கைகளையெல்லாம் தட்டிவிட்டாள்.